ஐந்தாவது ரயர்

இரண்டு டொலர்க் குத்தியைப்
பள்ளத்துக்குள் நிறுத்திப் பார் என்றார் ஒறெஸ்ற்.
றப்பர் கரடியின் பாதத்தைத் தொட்டால் புது ரயர்.
வெள்ளி வளையத்தோடு நின்றால் பாதி ஆயுள்.
என்னுடையதில் எழுத்துக்கூட மூழ்கவில்லை.
கரடி கால் நனையாமல்
கரையில் நின்று என்னைப் பார்த்தது.

முன் வலதில் உள்விளிம்பு மட்டும் வழுக்கை.
"வளைவில் அவசரப்படுகிறாய், சுகிர்."
இல்லை என்றேன்.
பெப்ரவரியில் குழிக்குள் விழுந்து எழும்பியபிறகு
அலைன்மென்ற் பார்க்கக் காசில்லாமல் ஓடியதை
நான் சொல்லவில்லை.
ரயர் சொல்லிவிட்டது.

கிராண்ட் பிரெய்ரியில் காலை எட்டுமணி, இன்னும் இருட்டு.
முக்கால் தொன் பிக்கப்பை லிஃப்ற்றில் ஏற்றிவிட்டார்கள்.
நாளை இதே நேரம் இதில் ஒரு பம்பு ஏறும்,
நாற்பதாம் நெடுஞ்சாலையால் தெற்கே போய்
மரக்கம்பனி போட்ட சரளை றோட்டில்
தொண்ணூறு கிலோமீற்றர் உள்ளே ஒரு கிணற்றடிக்கு.
கிணறு என்றால் எண்ணெய்க் கிணறு.
தண்ணீர் அள்ள அங்கே யாரும் வருவதில்லை.

சுவர் முழுக்க ரயர்கள்.
சேற்றில் போவேன், கல்லில் போவேன், பனியில் போவேன்
என்று எல்லாமே சத்தியம் பண்ணுகின்றன,
புரோக்கர் கொண்டுவந்த படங்களைப்போல
எல்லாம் ஒரே பக்கமாய்த் திரும்பி நின்று.
விலையைமட்டும் முதுகில் ஒட்டியிருக்கிறார்கள்.

பத்துப் பிளை என்றால் பத்துப் படையா?
"முந்தி அப்படி. இப்போது பேர் மட்டும்தான்,
ஆனால் பலம் அதே பலம்."
பேரை மட்டும் வைத்துக்கொண்டவர்கள்
எனக்கும் சிலர் இருக்கிறார்கள்.
பலத்தைப் பற்றி உறுதியாய்ச் சொல்ல மாட்டேன்.

கட்டைப் பல்லனைக் காட்டினான் ஜோமர்.
சேற்றைக் கடித்துத் துப்பும்,
தொண்ணூறில் போனால் பாடும் என்றான்.
பாடட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.
இரவு இரண்டுமணிக்கு அந்த றோட்டில்
அடியில் தெறிப்பது கல்லா, பெயரிங் அழுகிறதா
என்று பிரித்துக் கேட்க வேண்டும்.
தனியே ஓடுகிறவளுக்குக்
காதுதான் பக்கத்து இருக்கை.
அதனால் இரண்டாவது.
மலைக்குள் பனிப்பூ பொறித்தது,
ஒன்று ஆயிரத்து அறுநூறு கிலோ தாங்கும்,
வாய் கொஞ்சம் அமைதி.

பிறகு ஜோமர் பின்பக்கம் குனிந்து
சங்கிலியைச் சுற்றிச் சுற்றி இறக்கினான்.
நான் கணக்கில் வைக்காத ஒன்று.
அச்சிலிருந்து வந்த றப்பர் மயிர்கள்
இன்னும் உதிரவில்லை. ஒரு கல்லும் மிதித்ததில்லை.
கரடி முழங்கால்வரை முங்கும்.
பக்கச் சுவரில் நாலு இலக்கம், 1413.
பதின்மூன்றாம் ஆண்டின் பதினான்காம் வாரம்.

அந்த வாரம் நான் ஸ்காபறோவில்
ஒரு பேஸ்மென்ற்றில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன்.
ஒரு தட்டுக்கு அறுபது.
இந்த வண்டியின் படியில் ஏறவே தெரியாது.
எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் அப்போது
இதை அச்சிலிருந்து கழற்றியிருக்கிறார்கள்.

ஜோமர் விரலால் அழுத்தினான்.
சுவரெங்கும் மெல்லிய வெடிப்புகள்,
வண்டியின் வயிற்றுக்கடியில்
உப்பும் டீசல் புகையும் குடித்தே
ஓடாமல் காலாவதி.

நாலுக்குத்தான் காசு எடுத்து வந்திருந்தேன்.
ஐந்தாக எழுதுங்கள் என்றேன்.
பில்லில் ஒவ்வொன்றுக்கும் நாலு டொலர் தனியே:
புதிதாய் வாங்கும்போதே
அதன் அடக்கச் செலவையும் கட்டிவிட வேண்டுமாம்.
அட்டை இரண்டாம் தடவையில் வேலை செய்தது.

"நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு நட்டுகளை இறுக்கு,
மறந்துவிடாதே."
மறக்கவில்லை.
மைனஸ் இருபத்தொன்றில் வீதியோரம் நிறுத்தி
கையுறையோடு முறுக்குச் சாவியில் தொங்கினேன்.
சக்கரத்துக்கு எட்டு, மொத்தம் முப்பத்திரண்டு.
கிளிக், கிளிக் என்று
ஒவ்வொன்றும் போதும் போதும் என்றது.
ஒன்று மட்டும் கால் சுற்று நகர்ந்தது.
அதுவும் முன் வலதில்.