மூன்றாம் மடிப்பு

லியபாயா துறைமுகத்தில்
பகலெல்லாம் கிரேன் ஓட்டுகிறேன்.
முப்பது மீட்டர் உயரத்தில் காற்று கத்தும்,
இரும்பு கத்தும், வாக்கிடாக்கி கத்தும்.
இரவில் எனக்கு வேண்டியிருந்தது
கத்தாமல் பேசுகிற ஒரு பெட்டி.

"கடையில் விற்பது எல்லாருக்கும் போதும்,
உனக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?"
என்றாள் அக்கா அஸ்னாதே.
இரண்டு, என்றேன்.
ஒவ்வொன்றும் ஆளுயரம்.

நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஒதுக்கி
பிர்ச் ஒட்டுப்பலகைகளைக் கிடத்தினோம்,
நானும் எதிர்வீட்டு விஸ்வால்டிஸும்.
அவருக்கு டிராம் பட்டறையில் தச்சு வேலை.
அளப்பார், மறுபடியும் அளப்பார்,
சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
பென்சிலைத் தேடுவார்.

பெட்டிக்கு ஒரு காகிதக் கூம்பு. அவ்வளவுதான்.
தாழ்வு உனக்கு, உச்சம் உனக்கு என்று
பங்கு பிரித்துக் கொடுக்க ஆள் கிடையாது.
டபுள் பேஸின் வயிற்றையும்
முக்கோண மணியின் நுனியையும்
உள்ளங்கை அகலக் காகிதமே சுமக்க வேண்டும்.
அது முன்னால் சொன்னது உடனே கேட்கும்.
முதுகுப் பக்கம் முனகியதோ
குறுகிய தொண்டையில் நுழைந்து
மடிப்பு மடிப்பாக மூன்று மீட்டர் நடந்து
போகப் போக அகன்று, கனத்து,
கீழ்வாய் வழியே வந்து சேரும்
சற்றே தாமதமாக,
மாடிப்படி ஏறி வந்தவன் மூச்சோடு.

பசை காயும்வரை பத்தொன்பது கிளாம்ப்.
இருபதாவதுக்கு விஸ்வால்டிஸ் ஏறி உட்கார்ந்தார்.

கடைசிப் பக்கப் பலகையை மூடுமுன்
டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.
இனி எவர் கண்ணும் படாத இடத்தையும்
உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தார் மனிதர்.
எனக்குக் கோபம்தான் வந்தது.
ஒரு வாரம் போயிற்றே.

பூச்சில் சண்டை.
வார்னிஷ் என்றார் அவர்.
ஆளிவிதை எண்ணெய் என்றேன் நான்.
எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும் என்றார்.
பால்கனிப் பனியில் துணிகளை விரித்துக் காட்டினேன்.
நான்கு நாள் பேச்சில்லை.
ஐந்தாம் நாள் ஆளுக்கொரு பெட்டியை எடுத்துக்கொண்டோம்.
அதனால் இடது பெட்டி
தேன் ஊற்றியதுபோல் பளபளக்கிறது.
வலது பெட்டி
குளித்துத் துவட்டிய முதுகுபோல் இருக்கிறது.
ஜோடி என்று யாரும் நம்புவதில்லை.

பிப்ரவரியில் பற்றாசு வைத்துக் கம்பிகளைச் சேர்த்தோம்.
முதலில் ஒரு டபுள் பேஸ், தனியாக.
வில் கயிற்றைத் தொடுமுன் வாசிப்பவர்
மூச்சிழுத்தது கேட்டது.
எல்லாம் நன்றாகத்தான் இருந்தது
அந்த ஒரு சுரம் வரும்வரை.
அங்கே மட்டும் இடது பெட்டி
கிர்ர்ர் என்றது,
போத்தலில் மாட்டிய வண்டு.

விஸ்வால்டிஸ் காதைத் தடவினார்.
பென்சில் இல்லை.
நவம்பரிலிருந்தே இல்லை.
"மூன்றாம் மடிப்பு" என்றார், மிக மெதுவாக.

திறக்க முடியாது. பசைக்கு மன்னிப்புத் தெரியாது.
ஒலி வருகிற வழியில்தான்
அதுவும் வந்தாக வேண்டும்.
வரைபடத்தைத் தரையில் விரித்தோம்.
முப்பத்தெட்டுக் கிலோவைக் குப்புறப் போட்டோம்,
ஒருக்களித்தோம், தலைகீழாக நிறுத்தினோம்.
உள்ளே ஏதோ உருண்டது, நின்றது, உருண்டது.
கீழ்வீட்டு ஔஸ்மா துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, அதாவது எங்கள் தரையை, இடித்தாள்.
இடிக்கட்டும்.
இன்னும் ஒரு திருப்பம்.
தட்டு. சாய்.

கம்பளத்தில் விழுந்தது
ஒரு சின்னப் பித்தளைத் திருகாணி.
எங்களுடையதல்ல.
நாங்கள் பித்தளையே வாங்கவில்லை.

பெட்டியை நிமிர்த்தி அந்தச் சுரத்தைப் போட்டோம்.
சுத்தம்.
திட்டுவதற்கென்று மேலேறி வந்த ஔஸ்மா
திட்டி முடித்துவிட்டு
கோட்டைக் கழற்றாமல் கதவருகே நின்றாள்
அந்தப் பக்கம் முடியும்வரை.
அடுத்ததற்கு நாற்காலி கேட்டாள்.

பென்சில் இன்னும் கிடைக்கவில்லை.
வலது பெட்டியில் இருக்கும் என்கிறார் விஸ்வால்டிஸ்,
ஏதோ ஒரு மூலையில்
பசையில் முகம் புதைத்து, ஆடாமல் அசையாமல்.
இருக்கலாம்.
வலதுதான் கொஞ்சம் நன்றாகப் பாடுகிறது.
பென்சிலால் என்கிறார் அவர்.
எண்ணெயால் என்கிறேன் நான்.