சிவப்புத் தட்டு

சுங்கை பட்டாணியில்
செம்பனை முடிந்து
பேரங்காடி தொடங்குகிற இடம்.
பகல் ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிட்டோம்,
நானும் தவமலரும்.

முக்காடு போட்ட பெண்ணொருத்தி
ஜப்பானிய மொழியில் கத்தி வரவேற்கிறாள்.
பாலிங் பக்கத்துப் பிள்ளையாம்,
தவமலர் அதற்குள் விசாரித்துவிட்டாள்.

பட்டையில் நகர்ந்து வருகின்றன தட்டுகள்.
சிவப்பு என்றால் ஐந்து வெள்ளி எண்பது காசு.
கறுப்புப் பக்கம் திரும்பாதே.

பன்னிரண்டு மணி நேரம்
கையுறைகளும் இப்படித்தான் வந்தன,
ஓட்டையைப் பார்த்ததும் எடுத்துவிட வேண்டும்.

சோற்றின் மேலிருந்து மீன் நழுவி
கோணலாக வந்தது ஒன்று.
நான் யோசிப்பதற்குள்
கை எடுத்துவிட்டது.

திருப்பி வைக்கலாமா என்று
அங்குமிங்கும் பார்த்தேன்.

மென்றுகொண்டே சொன்னாள் தவமலர்:
"எடுத்தாச்சுல்ல, தின்னு.
இங்க ரிஜெக்டுக்கும் காசு."