புள்ளி

முப்பத்தாறு புள்ளி இந்த வீட்டுக்கு.
மலேசியாவில் பதினொன்று,
அடையாறில் நாலைந்து,
ஒரு புள்ளி எங்கே என்றே தெரியாமல்
பேப்பரில் விளம்பரம் கொடுத்துத் தேடினார்கள்.

கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் புள்ளியில்லை.
யாரும் சொல்லித் தெரிந்ததில்லை அது.
உப்பு கரிக்கும் என்று தெரிவதைப் போலத் தெரியும்.
ஆனால் வாங்குகிறவரின் வக்கீல்
பெண்மக்கள் கையெழுத்தும் வேணும் என்றாராம்.
சோலையப்பண்ணன் போன் போட்டான்:
"சும்மா ஒரு விடுதலைப் பத்திரம், சிகப்பி.
காலையில வந்தா மத்தியானம் சாப்பிட்டுப் போகலாம்."

விடுதலை.
நல்ல சொல்தான்.

கோனாபட்டில் இறங்கும்போதே மழை.
வளவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை
உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
தகரக் குழாய் கொட்டுகிற இடத்தில்
ஒரு கிடாரம் இருக்க வேண்டும்.
போன வருஷமே எடைக்குப் போயிற்றாம்.
தண்ணீர் மட்டும்
பழைய இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

பிறகு கரண்ட் போனது.
பங்காளிகள் அத்தனை பேரும்
போன் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்,
தாடைக்குக் கீழே வெளிச்சம்.
நனையாமல் இருக்கட்டுமென்று பத்திரத்தை
இரண்டாங்கட்டில் அரிசிப் பெட்டிமேல் வைத்திருந்தார்கள்.
எடுக்கப் போன தேனப்பன்
நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு திரும்பினான்.

நான் எழுந்தேன்.
நாலாவது தூணைத் தாண்டினால்
ஒரு கல் உயர்ந்திருக்கும்.
ஒன்பது வயதில் என் முன்பல்லை உடைத்த கல்.
கால் தானாகத் தூக்கிக்கொண்டது.
வலப்பக்கம் எங்கள் அறை. பூட்டு.
கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
உள்ளே தாழிட்டுக்கொண்டு
அரைப்படி வறுத்த கடலையை
ஒருத்தியாய்த் தின்று தீர்த்தேன்.
அழுகை வரவில்லை, பசித்தது.

நிலைக்குக் குனிந்தேன்.
சுவரில் கன்னத்தை வைத்தேன்,
யாரும் பார்க்கவில்லை என்பதால்.
வழவழவென்று, குளிர்ந்து.
ஐம்பத்தெட்டு வயதுக்காரி செய்கிற காரியமா?
இன்னும் கொஞ்சம் நேரம் வைத்திருந்தேன்.

பத்திரத்தோடு திரும்பியபோது
"ஆச்சிக்கு நல்ல கண்பார்வை"
என்றார் வாங்குகிறவர்.

யாரோ பேனா நீட்டினார்கள்.
என் பெயரில் ஒரே ஒரு புள்ளிதான்,
நடுவில், ஒரு 'ப'வின் தலைமேல்.
அதைமட்டும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன்.
தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.
வக்கீல் தூக்கிப் பார்த்து,
செல்லும், பரவாயில்லை என்றார்.

மத்தியானம் இலை போட்டார்கள்.
சோலையப்பண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே அழுதான்.
பக்கத்து இலைக்காரர்கள் அவன் முதுகைத் தடவினார்கள்.
வெண்டைக்காய் மண்டி நன்றாக இருந்தது.
நான்
இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.