படகு வகை: பிற

கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடைக்குள்
ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, நான்.
மனு ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
இங்கிலீஷ் என்றால் அறுபது.

கடியபட்டணத்திலிருந்து பிரகாசி வந்தாள்,
ரேஷன் கார்டை மழைக்குப் பயந்து
பால் கவரில் சுற்றி.
புருஷன் ததேயுஸ்
ஒன்பது மணி நேரம் கடலில் கிடந்து
முட்டத்தில் கரையேறியவன்.
காலில் மாவுக்கட்டு.

"என்ன வள்ளம்?"
"வள்ளமில்ல, மரம்."
அந்தக் கரையில் மரம் என்றாலே கட்டுமரம்தான்.
கட்டமரான் என்று அடித்தேன், கொஞ்சம் கர்வமாகவே.
நம் கடற்கரையில் எவனோ காதில் வாங்கி
கப்பலேற்றிக் கொண்டுபோன சொல்
உலகம் சுற்றி
நம் மனுவுக்கே வந்து நிற்கிறதே.

மனு திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஆபீசர்:
'கட்டமரான் என்பது இரட்டை உடல் கொண்ட படகு.'
படமும் குத்தி வைத்திருந்தார்.
வெள்ளை வெளேரென்று, பாய் விரித்து,
மேலே கூலிங்கிளாஸ் போட்ட இரண்டு பேர்.
பிரகாசி வெகுநேரம் பார்த்தாள்.
"இதுல கட்டு எங்க? மரம் எங்க?"

துபாய்க்குப் போன மருமகன் மாதிரி
அந்தச் சொல்.
வந்த இடத்தில் நம்மைத் தெரியவில்லை.

ராஃப்ட் என்று மாற்றினேன்.
தடிகள் நான்கு, காயரால் கட்டியது.
காயரும் நம்ம கயிறுதான்.
அதை ஆபீசருக்குச் சொல்லப் போகவில்லை.

அடுத்த கட்டம்: லாக்புக் உண்டா?
மானிட்டருக்கு முட்டுக்கொடுத்த அகராதியை உருவினேன்.
அந்தக் காலக் கப்பல்களில்
முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில்
மரத்துண்டு ஒன்றைக் கட்டிப் பின்னால் எறிவார்களாம்.
எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறதோ
அத்தனை வேகம்.
அந்த மரத்துண்டு, லாக்.
கணக்கெழுதிய நோட்டு, லாக்புக்.
மரத்தை மறந்துவிட்டு
இப்போது நோட்டை மட்டும் கேட்கிறார்கள்.

"அப்பம் அது எனக்கிட்ட உண்டுல்லா!"

அன்றைய காற்றில் கட்டு அறுந்து
நான்கு தடியும் நான்கு பக்கம்.
ஒன்றை அணைத்துப் பிடித்துத்தான்
ததேயுஸ் வந்தான்.
குருசடிப் பக்கம் கிடக்கிறது அது.
கோழி ஏறி நிற்கும்.

வியாழக்கிழமை டெம்போவில் ஏற்றி வந்துவிட்டாள்.
ஆபீஸ் வராந்தாவில் இறக்கியபோது
வெடிப்புகளிலிருந்து கறுப்பு மணல் கொட்டியது.
"என்ன இது, என்ன இது" என்று
வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"லாக்" என்றாள் பிரகாசி,
எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி.
"புக்கு கடல்ல போச்சு."

படகு வகை: பிற.
டிக் போட்டுக் கொடுத்தேன்.
தமிழ் ரேட்தான் வாங்கினேன்.