உரிமை கோரப்படாத இருமல்

அனுமதிச் சீட்டில் மூன்றாவது விதி:
இருட்டிய பின் யார் வந்தாலும்
பூங்காக் காவலர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.
அந்த ஒருவர் நான்.
அக்டோபர் கடைசி வெள்ளி, கென்டக்கி,
மோஸ்லி ஓடைப் போர்க்களம்.
தளபதி ஏசா ரெட்ஃபர்னின் வெண்கலக் குதிரையடியில்
ஒரு மடக்கு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க்,
நான்கு நாள் சளி.

வந்தவர்கள் மூவர்.
குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் டெல்பர்ட்.
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற லோர்னா டாக்கெட்.
அவள் தங்கை மகன் வெஸ்:
எதையும் நம்பாதவன்,
பேட்டரி சுமக்க அழைத்துவரப்பட்டவன்.
பீடத்தின் நான்கு மூலையிலும் ஒலிப்பதிவுக் கருவிகளை
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார்கள்.

பேய் தேடுபவர்களுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு,
அன்றுதான் அறிந்தேன்.
தன்னால் எழும் ஒலிக்குத்
தானே பொறுப்பேற்க வேண்டும். உடனே. உரக்க.
உயிருள்ளவன் ஏப்பம்
நாளை கேட்கையில்
இறந்தவன் வாக்காகிவிடக் கூடாது.
"என் வயிறு," என்றார் டெல்பர்ட்.
"என் முழங்கால்," என்றாள் லோர்னா.
"லாரி, நெடுஞ்சாலையில்," என்றான் வெஸ்.
எந்தத் தேவாலயத்திலும்
இத்தனை நேர்மையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு தளபதியை விசாரித்தார்கள்.
"ஐயா, இங்கே இருக்கிறீர்களா?"
"குளிர்கிறதா?"
"மூன்றாம் முறையும் ஓடையைக் கடக்கச் சொன்னது ஏன்?"
இது லோர்னா.
பின்னிருக்கைப் பிள்ளையைக்
கண்ணாடியில் பார்த்துக் கேட்கும் குரல்.
காந்த அளவியின் விளக்கு
பச்சையிலேயே நின்றது.

அவர் வரமாட்டார், எனக்குத் தெரியும்.
அவர் சாவு இங்கே இல்லை.
முப்பத்தோராண்டு கழித்து
லூயிவில் ஓட்டல் ஒன்றில்
தொண்டையில் மீன்முள்.
இங்கே செத்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
கோவேறு கழுதைக்காரர்களைச் சேர்க்காமல்.
கல்லில் ஒரே பெயர்.
அதன் கீழ் வெற்றி என்ற சொல்
என் கை நீளத்துக்கு.
ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் பாசியை
நான்தான் சுரண்டுகிறேன்.

இரண்டு பதினேழுக்கு எனக்கு இருமல் வந்தது.
அடக்கப் பார்த்தேன்.
கைக்குட்டைக்குள் ஒன்று நழுவிவிட்டது,
சிறியது, ஈரமானது.
"என்னுடையது" என்று சொல்ல வாய் திறப்பதற்குள்
டெல்பர்ட்டின் கை உயர்ந்துவிட்டது.
"கேட்டீர்களா?"
எட்டு ஆண்டாகக் காலி அறைகளில்
கேள்வி கேட்டு வந்த மனிதர்.
அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது நான்.

ஒரு நொடிதான் அந்தச் சொல்லுக்கு ஆயுள்.
அதைத் தாண்டிச் சொன்னால்
அது வாக்குமூலம்.
ஃபிளாஸ்க்கைத் திருகினேன்.
"மூடி," என்றேன், விதிப்படி.

லோர்னா எழுதிக்கொண்டாள்:
2.17. இருமல். ஆண். இருபது வயதுக்குள்.
நுரையீரலில் நீர்.
உரிமை கோரப்படவில்லை.
எனக்கு ஐம்பத்தாறு. பெண்.
வெஸ் என்னையே சற்று நேரம் பார்த்தான்,
பிறகு பேட்டரியை மாற்றப் போனான்.

மறுவாரம், செவ்வாய் காலை,
குதிரை முதுகில் காக்கை எச்சத்தைக் கழுவ
ஏணியோடு போனேன்.
கீழ்ப்படியில், மலர்வளையம் வைக்கும் இடத்துக்கு வெகு தள்ளி,
ஓடையைப் பார்த்த பக்கம்,
ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, மடித்து.
மேலே ஒரு டப்பா இருமல் மிட்டாய்.
இருபத்து மூன்று ஆண்டில்
தளபதிக்கு அல்லாமல் யாருக்கோ என்று
இங்கே வந்த முதல் பொருள்.

கிடப்பதை அகற்றச் சொல்கிறது பதினோராவது விதி.
ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.
தேன், எலுமிச்சை.
"அது என்னுடையது," என்றேன்,
தாமதமாக, உரக்க,
ஓடையின் பக்கம் திரும்பி.

மற்றதை அப்படியே வைத்தேன்.
மழை வரும் போலிருந்தது.
காலுறையை மட்டும்
குதிரையின் வயிற்றுக்கு அடியில் தள்ளினேன்.