முப்பத்தேழாவது பெட்டி

நேற்றிரவு பூசணிக்கொடி கறுத்துவிட்டது.
உறைபனி வரும் என்று வானொலி சொன்னது,
வந்தது.

உர்மாஸ் பசுமைக்குடிலின் பிளாஸ்டிக்கைச் சுருட்டுகிறான்.
ஆகஸ்ட் புயலில் கிழிந்த இடத்தில்
நான் ஒட்டிய சிவப்பு டேப்
இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.
பிய்த்துவிடவா என்கிறான்.
இருக்கட்டும்.

நோட்டில் இந்த வருஷம்:
வெள்ளரி அமோகம். எல்லார் வீட்டிலும் அமோகம்,
அதனால் யாரும் வாங்கவில்லை.
பீட்ரூட்டில் பாதியை எலி தின்றது,
மறுபாதியை ஏன் விட்டது என்று தெரியவில்லை.
முட்டைக்கோஸ்: ஜூலை முழுக்கப் புழு பொறுக்கினேன்,
கனவிலும் பொறுக்கினேன்.
வரவில் செலவைக் கழித்தால் கையில் நிற்பது
டிராக்டருக்கு ஒரு பின்சக்கரம்.
முன்சக்கரம் பிறகு.

இன்று கடைசி வியாழக்கிழமை.
வோரு நகரத்தில், தாமுலா ஏரிப் பக்கம்,
வேனின் கதவைத் திறந்துவைத்து நின்றேன்,
முப்பத்தேழு பெட்டிகளோடு.
பல் மருத்துவர் ஹெல்வே
பழைய பெட்டியைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார்.
தீயணைப்பு நிலையத்துப் பையன்கள்
சதகுப்பைக் கீரை இல்லையா என்றார்கள்,
கோடையில் சும்மா கொடுத்தபோது
தொடாதவர்கள்.
பச்சைத் தொப்பிக்காரி ஒருத்தி,
"அடுத்த வருஷமும் உண்டுதானே?" என்றாள்.
நான் குனிந்து
ஏற்கெனவே மூடியிருந்த மூடியை அழுத்தினேன்.

ஆறரைக்கே இருட்டு.
ஒரு பெட்டி மிச்சம்.
பட்டியலில் லெம்பித் ராண்மா என்றிருந்தது.
மூன்று முறை அழைத்தபின் குறுஞ்செய்தி வந்தது:
மகள் வீட்டில் இருக்கிறேன், டார்ட்டுவில்,
மன்னிக்கவும், நீங்களே சாப்பிடுங்கள்.

நாங்களே.
ஐந்து வருஷமாக எங்கள் தட்டில்
வெடித்த தக்காளி,
இரண்டு கால் முளைத்த கேரட்,
நத்தை முதலில் ருசி பார்த்த கோஸ்.
நல்லது பெட்டிக்குப் போகும்.
யாரும் போட்ட விதி இல்லை,
கை தானாகவே பிரித்துவிடும்.

சமையலறை விளக்கின் கீழே
ராண்மாவின் பெட்டியைத் திறந்தோம்,
தூரத்திலிருந்து யாரோ அனுப்பியதைப் போல.
நேரான கேரட்.
தோல் உரியாத வெங்காயம்.
பீட்ரூட் ஒவ்வொன்றும் என் முஷ்டி அளவு.
அடியில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு:
குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.
இந்தக் கோடை முழுக்க எங்களோடு இருந்ததற்கு நன்றி.
மாரிகா, உர்மாஸ்.
உர்மாஸ் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு
பரவாயில்லை என்பதுபோல் எனக்குத் தலையசைத்தான்.

வேகவைத்து, வெண்ணெயும் உப்பும் போட்டுத் தின்றோம்.
"கோணல் கேரட்டின் ருசிதான்," என்றேன்.
"உரிக்கச் சுலபம்," என்றான்.
அவ்வளவுதான் பேச்சு.
அவன் தட்டில் கிடந்த வெண்ணெயை
ரொட்டியால் வழித்துத் துடைத்தான்.
இந்த மண்ணைப் பற்றி யாராவது புகார் சொல்ல வந்திருந்தால்
இன்று நாங்கள் வாடிக்கையாளர்கள்,
கேட்டிருக்க மாட்டோம்.

நிலம் இறுகுமுன் பூண்டு ஊன்ற வேண்டும்,
வழக்கம்போல் நான்கு வரிசை,
அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தால்.
அதைப் பற்றி இருவரும்
செப்டம்பரிலிருந்து பேசவில்லை.

படுக்கையில்தான் அந்தத் தொப்பிக்காரி
மறுபடி வந்து நின்றாள்.
பக்கத்தில் கைவைத்துப் பார்த்தேன்,
போர்வை மட்டும்.

அடுப்படியில் விளக்கு.
உர்மாஸ் உட்கார்ந்து பூண்டை உடைத்துக்கொண்டிருக்கிறான்,
பெரிய பற்களை மட்டும்
ராண்மாவின் காலிப் பெட்டியில் போட்டபடி.
வாசலில் நின்று எண்ணப் பார்த்தேன்.
நான்கு வரிசைக்கு
அது ரொம்ப அதிகம்.