கிளப் செய்யப்பட்டன

மேலிடத்திலிருந்து வந்த தாளில் மூன்றாவது வரி:
மகசூல் கணக்குக்காக
மேலத்தாழஞ்சேரியும் கீழத்தாழஞ்சேரியும்
கிளப் செய்யப்பட்டன.
தமிழில் அடித்துப் பலகையில் ஒட்டச் சொன்னார் தாசில்தார்.

கிளப்.
எங்கள் பக்கம் ஒரு காலத்தில்
அங்கே காபி கிடைத்தது.
வாலில் ஓர் உகரம் சேர்த்தால் கிளப்பு:
புழுதியை, புரளியை, படுத்த மாட்டை.
ஆபீசில் மட்டும் அது
கேட்காமல் சேர்ப்பது.

'சேர்த்து' என்று அடித்தேன்.
யாரோ கைபிடித்து அழைத்துவந்த மாதிரி இருந்தது.
அழித்தேன்.
'இணைத்து': கல்யாணப் பத்திரிகை.
'கூட்டி': குப்பையையும் கூட்டுகிறோம்,
பூசணிக்காயும் கூட்டுதான்.
'கலந்து' கொஞ்சம் பக்கத்தில் வந்தது.
ஆனால் கொள்முதல் நிலையத்தில்
ஈர நெல்லைக் காய்ந்ததோடு கலக்கிறவனை
என்ன சொல்லித் திட்டுவார்களென்று தெரியும்.
அதையும் அழித்தேன்.

மேலூர் வாய்க்காலின் தலைமடை.
மழை வடிந்துவிட்டது,
மாவுக்குப் பத்து மூட்டை.
கீழூர் கடைமடை.
பதினோரு நாள் தண்ணீர் நின்று
கதிர் வயலிலேயே முளைவிட்டது.
பத்தும் சைபரும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஐந்து.
ஐந்து கண்ட ஊருக்கு நட்டமில்லை என்கிறது தாள்.
ஐந்து மூட்டை கண்ட வயல்
இரண்டு ஊரிலும் கிடையாது.

கடைசியில் கிளப் என்றே அடித்து ஒட்டினேன்.
ஜெய்னம்பு பீவி படிக்கச் சொல்லிக் கேட்டார்.
கேட்டுவிட்டு,
"வாய்க்காலுக்குப் பாலம் கேட்டப்ப
ரெண்டு ஊரும்மான்னீங்க.
எந்த ஊர் கணக்குல எழுதறதுன்னு
ஃபைலே திரும்பி வந்துச்சு."
நான் பசை டப்பாவை மூடினேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு லோடு ஆட்டோ வந்தது.
பின்னால் நின்றபடி இரண்டு ஊரும்.
பத்து மூட்டை கண்ட வேம்பையனும் இறங்கினார்.
அவருக்கு இதில் காசு வராது.
கீழூர் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது:
எங்கள் ஊர்களைப் பிரித்துத் தர வேண்டுகிறோம்.
வாசலில் ஆட்டோ வாடகையைத்
தலைக்கு முப்பது என்று வசூலித்தார்கள்.
ஜெய்னம்பு பீவியின் முப்பதை
யார் போட்டதென்று தெரியவில்லை.

ஊருக்கொன்றாக இரண்டு மனு.
பழக்கத்தில் ஒரே டேக்கில் கோத்து
முடிச்சும் போட்டபிறகுதான் கவனித்தேன்.
அவிழ்த்தால் பதிவு எண் மாற்ற வேண்டும்.
இன்னும் மேசைமேல்தான் இருக்கின்றன.
ஃபேன் சுற்றும்போதெல்லாம்
இரண்டும் ஒன்றாக எழுந்து உட்காருகின்றன.